பயம்: பூஜ்யம்

இனி மனிதகுலத்தில் ஒரு சர்வாதிகாரிகூடத் தோன்ற முடியாது. இது நம்பிக்கையல்ல, அறுவை சிகிச்சை. சனிக்கோளின் நிலவான டைட்டன் குடியிருப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே பயநரம்பை எடுத்துவிடுவார்கள். வலிக்காது. மணிக்கட்டில் அச்சமானி ஒன்றைப் பொருத்துவார்கள். ஆயுளுக்கும் அது பூஜ்யம்தான் காட்டும்.

"பயம் போச்சுன்னா அடிமைத்தனமும் போச்சு" என்பான் பாரிவேள், கல்லூரி நாடகக் குழுவின் இயக்குநர். அதை நிரூபிக்கவே ஆண்டு விழாவுக்கு ஒரு பழைய இத்தாலிய நாடகத்தைத் தேர்ந்தெடுத்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எழுதியது. கதை கிரேக்கப் புராணம்: சுழல்வழிக் கோட்டைக்குள் காளைத்தலை அரக்கன், அவனுக்கு ஆண்டுதோறும் ஊர்ப்பிள்ளைகளை இரையாக அனுப்பும் மன்னன். இத்தாலிய நாடகாசிரியர் செய்த மாற்றம் ஒன்றுதான். கோட்டைக்குள் அரக்கனே இல்லை. ஊருக்கே அது தெரியும். ஆனாலும் மன்னன் வந்ததும் ஊர் எழுந்து நிற்கிறது. ஒருத்தி மட்டும் எழவில்லை. அவள் யாரென்று மன்னன் கேட்க, ஊர்ப்பெரியவர் பெயரைச் சொல்லிவிடுகிறார்.

"அரக்கன்தான் இல்லையே, அப்புறம் ஏன் எழுந்திரிக்கிறாங்க?" என்று கேட்டாள் எழினி. அந்த எழாத பெண் வேடம் அவளுக்கு.

"பயந்தாங்கொள்ளிங்க. பூமி ஆளுங்க, வேறென்ன?" ஊர்ப்பெரியவர் குனிந்து காதில் ஓதுவதைப் பாரிவேள் நடித்துக் காட்டினான். ஒத்திகையே சிரித்தது.

ஆண்டு விழா முடிந்ததும் மீத்தேன் கிணற்றுப் பணிக்கு ஒரு பெயரை ஆளுநர் தேர்ந்தெடுப்பது வழக்கம். இரண்டு ஆண்டுப் பணி. போனவர்கள் எவரும் திரும்பியதில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, பயம்தான் இல்லையே.

சிறப்பு விருந்தினரான ஆளுநர் நாற்பது நிமிடம் தாமதமாக, கடைசிக் காட்சியில் வந்தார். அரங்கம் முழுவதும் எழுந்தது. மேடை மன்னன் கிரீடத்தைக் கழற்றிவிட்டுப் பொன்னாடையோடு இறங்கி ஓடினான். நடுமேடையில் எழினி மட்டும் உட்கார்ந்திருந்தாள். நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்தாளோ, அல்லது நிஜமாகவேதானோ, தெரியவில்லை.

ஆளுநர் கோபப்படவில்லை. புன்னகையோடு கேட்டார்: "அந்தப் பொண்ணு யாருப்பா?"

அரங்கில் முந்நூறு மணிக்கட்டுகள். முந்நூறிலும் பூஜ்யம். ஆளுநரின் பக்கத்தில் நின்ற பாரிவேள் தன்னுடையதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பூஜ்யம்தான். பிறகு குனிந்து, ஆளுநரின் காதருகே வாயைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னான்:

"எழினிங்க சார். எம். எழினி. மூணாம் வருஷம்."