ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆவக்கூடாது

பதினொன்றரை மணி லோக்கல் வண்டியில் வந்து திருநின்றவூரில் இறங்கினான் லட்சுமணன். பையில் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, முள் வைத்த பழைய மீட்டர், நாலு பெரிய கண்டென்சர். தங்கச்சி சுசீலாவின் வாடகை வீடு ஏரிப் பக்கம். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. உச்சி வெயிலில் ஷீட் டொக் டொக்கென்று சொடுக்கு விட்டுக்கொண்டிருந்தது.

"வாண்ணா. சோறு துன்னுட்டு ஆரம்பிக்கிறியா?"

"வேலைய முடிச்சிட்டுத் துன்றேன்."

அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றன அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். சுசீலாவின் புருஷன் வெங்கட் வாங்கிப் போட்டவை. வாரம் பூரா கம்பெனி கம்பெனியாக டேங்க் கழுவுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பாட்டு செட் போடுவான். போன மாசியில் அம்பத்தூரில் ஒரு பெயிண்ட் டேங்குக்குள் இறங்கினவன், தின்னர் ஆவி அடித்து உள்ளேயே விழுந்தான். அதற்கப்புறம் செட்டை சுசீலாவே கையில் எடுத்தாள். அவளும் மகளும் சாப்பிடுவது அந்தப் பெட்டிகளால்தான்.

"சனிக்கெழம திருவேற்காட்டுல கூழ் ஊத்துறாங்க," என்றாள். "பாட்டு தகரத்துல தட்ன மாதிரி கீது, பேஸ் வரலன்னா வேற செட்டு பாத்துக்கிறேன்னு கோயில்காரன் துலுக்கானம் மூஞ்சிக்கு நேரா சொல்ட்டான். நீ பாட்டு போட்ற கம்ப்யூட்டர இன்னா வோணா நோண்டு. ஸ்பீக்கருக்கு மட்டும் ஒண்ணும் ஆவக்கூடாது."

"ஆவாது. நான் கீறேன் இல்ல?"

கோளாறு கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில். பாட்டு வெளியே வருகிற வழியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கண்டென்சர்கள். கனத்த சத்தத்தை அவை விழுங்கிவிடும். பெரிசாக மாற்றினால் பேஸ் கனமாக வரும். ஆனால் ஒன்று கோணலாகப் போனாலும் நேர் கரண்ட் ஒழுகி, ஆம்ப்ளிஃபயரில் பெருகி, ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலைக் கருக்கிவிடும். அதனால் லட்சுமணன் முதலில் மீட்டர் வைப்பான். அப்புறம் ஒரு ஓட்டை டி.வி. ஸ்பீக்கரில் கொடுத்துப் பார்ப்பான். நல்ல பெட்டி கடைசியில்தான்.

ஈயம் ஆறியதும் கம்ப்யூட்டரைப் போட்டான். பாட்டு எதுவும் ஓடவில்லை. மீட்டர் முள் பூஜ்யத்தில் நின்றது.

பிறகு எழுந்தது.

மெதுவாக எழுந்து, உச்சியில் கொஞ்சம் நின்று, இரண்டு தவணையாக இறங்கியது. மறுபடி எழுந்தது. கம்பியை மாற்றிப் பிடித்தான். கண்டென்சரைக் கழற்றிப் புதுசு போட்டான். முள் அதே நிதானத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

டி.வி. ஸ்பீக்கரை மாட்டினான். கறுப்புக் காகிதம் முன்னால் வந்தது. நின்றது. பின்னால் போனது. சத்தமே இல்லை. உள்ளங்கையை எதிரே வைத்தான்.

சூடான காற்று. தின்னர் வாடை.

அந்த இழுப்பு அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் வெங்கட்டின் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் மூன்று மணி நேரம் எண்ணியது. ஒரு நீள இழுப்பு, ஒரு நிறுத்தம், இரண்டு சின்ன வெளிமூச்சு. இன்னொன்றும் அவனுக்குத் தெரியும், அவனுக்கு மட்டும். அன்றைக்கு டேங்க் வாயில் வெங்கட்டின் கயிறு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவன் அவன். கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான்.

"இன்னாண்ணா அது?"

சுசீலா பின்னால் நின்றிருந்தாள். பதில் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. மண்டி போட்டு, அந்தக் காகிதத்துக்குக் கன்னத்தைக் கொடுத்தாள்.

"அவருதான்." குரல் வெறும் காற்றாக வந்தது. "என்ன உள்ள வுடலியே. நான் வந்தப்ப துணி மூடிட்டாங்களே."

"எழுந்திரு சுசீ. ஏதோ லீக்கேஜ்."

"திணறுதுண்ணா. இத்துனூண்டுல முட்டுது. பெருசுல குடு."

"காயில் பூடும். சனிக்கெழம இன்னா பண்ணுவ?"

"குடு."

கொடுத்திருக்கக் கூடாது. கை தானாகப் போய் கம்பியை மாட்டியது.

பெரிய பெட்டியின் காகிதக் கோன் மூச்சு இழுத்ததில் ஜன்னல் துணி உள்ளே வந்தது. விட்டபோது சுசீலாவின் முடி பறந்தது. அவள் சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை. லட்சுமணன் ஸ்பீக்கர் காந்தத்தைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. தின்னரோடு வார்னிஷ் கருகுகிற வாடையும் கலந்து வந்தது.

ஸ்விட்சில் கை வைத்தான்.

அணைத்தால் ஸ்பீக்கர் பிழைக்கும். மூச்சு?

ஒரு தடவை விட்டாயிற்று. இரண்டாவது தடவையும் இவனேவா?

விரல் அழுத்தவில்லை.

கோன் முன்னால் வந்தது. நின்றது. பின்னால் போகவில்லை. நடுவிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது.

"வுடுய்யா," என்று பெட்டியைத் தட்டினாள் சுசீலா. "மூச்ச வுடுய்யா."

அப்புறம்தான் அவன் அணைத்தான்.

சாயங்காலத்துக்குள் ஸ்பீக்கரைக் கழற்றி, கோணியில் சுற்றி ஆவடிக்குக் கொண்டுபோனான். காயில் கட்டும் கஜபதி பிளேடால் கோனை அறுத்து எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா நைனா, கரியா ஒட்டிக்கினு கீது. புது கோன் வர திங்கக்கெழம ஆவும். வெறும் இரும்பு, வச்சிட்டுப் போ."

சனிக்கிழமை செட் கைவிட்டுப் போயிற்று. ஆனால் அதை அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது என்று சுசீலா சொல்லி அனுப்பியிருந்தாள். கோணியின் வாயைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஷிப்டு முடிந்து வரும் ஒரு பெண். பட்டாபிராம் தாண்டியதும் அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"கோணில இன்னாண்ணா, நாய்க்குட்டியா?"

"இரும்பு."

"இரும்பாம். என் முட்டி மேல மூச்சு வுட்டுகினு கீது. வாயத் தொறந்து வுடுண்ணா. பாவம், செத்துறப் போவுது."

லட்சுமணன் கட்டை அவிழ்த்தான். உள்ளே இரும்பு வளையமும் காந்தமும்தான். கோணியின் வாயை ஆட்டோவுக்கு வெளியே, காற்று அடிக்கிற பக்கம் திருப்பி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். கோணி மெல்ல உப்பியது. நின்றது. இரண்டு தவணையாகச் சுருங்கியது.

திருநின்றவூரில் எல்லோரும் இறங்கினார்கள். காற்று நின்றதும் கோணி தொய்ந்தது.

"அண்ணாத்தே, கடைசி ஸ்டாப்பு. எறங்கு."

"நிறுத்தாத," என்றான் லட்சுமணன். "ஓட்டிகினே இரு."