கிருபாபாயின் குடை

கழுகுமலை ரோட்டில், சங்கரன்கோவில் ஊர் முடிந்து கரிசல் தொடங்கும் இடத்தில் அந்த வீடு தனியாக நின்றது. சுவரெல்லாம் காரை உதிர்ந்திருந்தது. அடுக்களையில் எலிகள் மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்தின. ஹாம் ரேடியோவில் ஊர் உலகத்தோடெல்லாம் பேசும் பித்துப் பிடித்த ஜெபசுந்தர் இதில் எதையுமே பார்க்கவில்லை. மொட்டைமாடியில் நட்டிருந்த இரும்புக் குழாயைப் பார்த்தார். அந்த நிமிடமே வீடு பிடித்துவிட்டது.

"ஏட்டி, அதுல ஏரியல் கட்டலாம்!" என்றார் மனைவியிடம்.

வீட்டுக்காரர் கோமதிநாயகம் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே உருட்டினார்.

"முன்ன இங்கன இருந்த பவுல்பாண்டியன் நட்டது அண்ணாச்சி. அவரும் உங்களை மாதிரி ரேடியோ ஆளுதான். ஒரு அடைமழையில நெஞ்சுவலி. மைக்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காரு, ஒருத்தருக்கும் கேக்கல. நாங்க வந்து பாத்தப்போ மைக்கு கையில இருந்துச்சு. விரலைப் பிரிக்கவே முடியல."

கிருபாபாய் கணவரைப் பார்த்தாள். கணவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடிவந்த வாரமே அவளுடைய அடுக்களை ஏரியலாக மாடிக்கு ஏறத் தொடங்கியது. ஜெபசுந்தர் இடியாப்பத் தட்டில் கொழும்பைப் பிடித்தார். கொடிக்கம்பியில் மலேசியாவைப் பிடித்தார். இட்லிக் கொப்பரையில் ரஷ்யாக்காரன் ஒருவனைப் பிடித்துவிட்டதாகவும், இட்லி மணம் நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னதாகவும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"என் குடையை மட்டும் தொட்டுப் பாருங்க, அன்னைக்கு இருக்கு உங்களுக்கு" என்றாள் கிருபாபாய். நெல்லையில் தம்பி வாங்கிக் கொடுத்த கறுப்புக் குடை. கோயிலுக்குப் போக மட்டும்தான் அது வெளியே வரும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊரையே வானம் மிதித்துவிடும்போல ஒரு மழை. கரண்ட் போனது, செல்போன் டவர் போனது, ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். பட்டப்பகலில் வீட்டுக்குள் இருட்டு. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் புறவாசலுக்குப் போன கிருபாபாய் அலறினாள்.

கண்ணாடி விரியன்.

கணுக்கால் வீங்கி ஊதா நிறமானது. ஈறில் ரத்தம் கசிந்தது. ஜெபசுந்தர் அவளைத் தூக்கினார். வாசல் தாண்டுவதற்குள் தண்ணீர் இருவரையும் தள்ளிச் சாய்த்தது. திரும்பிக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார். கையடக்க ரேடியோவை எடுத்துக் கத்தினார். அதன் குட்டை ஏரியலுக்கு அந்த மழையைத் தாண்டிப் போகத் தெம்பில்லை. மாடியில் கட்டியிருந்ததையெல்லாம் காற்று எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தது.

அவர் குடையை எடுத்தார்.

அதை விரித்துக் குழாயின் உச்சியில் கட்டினார். சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி அதன் நடுவில் நிற்க வைத்தார். டிஷ் கேபிளின் தோலைப் பல்லாலேயே உரித்தார். செப்பு நரம்பைக் கம்பியில் சுற்றி, அதைச் சுற்றிப் பின்னியிருந்த கம்பி உறையைக் குடைக்கம்பிகளோடு முறுக்கினார். மின்னல் தலைக்கு மேலேயே வெட்டியது. அவர் குனியக்கூட இல்லை.

கீழே ஓடிவந்து கேபிளின் மறுமுனையை ரேடியோவில் செருகிப் பொத்தானை அழுத்தினார்.

"அவசரம். யாராவது கேக்கீங்களா? என் வீட்டுக்காரியைப் பாம்பு கடிச்சிருக்கு. ஓவர்."

இரைச்சல்.

"யாராவது..."

இரைச்சல். கட்டிலில் மூச்சு இழுக்கும் சத்தம்.

பிறகு இரைச்சல் நின்றது. துணி போட்டு மூடியதுபோல நின்றது. அறைக்குள் ஈரத்துருவின் வாடை வந்தது.

"கேக்குது. சொல்லும்வே."

"யாரு பேசுதது?"

"பவுல்பாண்டியன்."

செத்துப்போன மனுஷன்! ஆனாலும் ஜெபசுந்தரின் விரல் பொத்தானை விடவில்லை. பேயோ பிசாசோ, பதில் சொல்லுகிறதே!

"அண்ணாச்சி, அவ செத்துருவா. காப்பாத்தும். உம்ம கால்ல விழுதேன்."

"வண்டி வரும். நீரு மட்டும் பேச்சை முடிச்சுக்கிடாதேயும். நான் லைன்ல இருக்குற வரைக்கும் அவ இருப்பா."

ரேடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசி முடித்ததும் 'செவன்ட்டி த்ரீ' என்று சொல்லித்தான் பிரிவார்கள். அது போய்வருகிறேன் என்று சொல்வதுபோல. தூக்கத்தில் எழுப்பினால்கூட ஜெபசுந்தர் அதைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை விழிப்பார். அன்று நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கினார்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. "பேட்டரியே இல்லாம எங்க வீட்டு மச்சுல கெடந்த ரேடியோ அண்ணாச்சி" என்றார் அதை ஓட்டிவந்தவர். அவருக்குப் பல் கிடுகிடுத்தது. "அது பேசிச்சு. உங்க வீட்டு அடையாளத்தைச் சொல்லிச்சு."

கிருபாபாய் பிழைத்தாள். டாக்டர்களே நம்பவில்லை.

அதற்குப் பிறகு ஜெபசுந்தர் ரேடியோவை அணைக்கவேயில்லை, குடையை இறக்கவுமில்லை. லாரி பேட்டரி ஒன்றை வாங்கி வைத்தார். கரண்ட் போனால் அவருக்கு உயிரும் போனது. எடை இருபது கிலோ குறைந்தது. தலைமயிர் ஒரே மாதத்தில் பஞ்சானது. பொத்தானை அழுத்தி, "இருக்கீரா அண்ணாச்சி?" என்பார்.

"இருக்கேன்."

மனைவியிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. சொன்னால் தாங்குவாளா?

கிருபாபாய்க்குக் கோயிலுக்கு நடந்துபோகத் தெம்பு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தூறல் போட்டது. பேட்டரிக்குத் தண்ணீர் வாங்கக் கடைவீதிக்குப் போன ஜெபசுந்தர் திரும்பி வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

குழாய் மொட்டையாக நின்றது. பக்கத்தில் ஒரு ஸ்டூல். கேபிள் அறுந்து சுவரில் தொங்கியது.

ரேடியோவைப் பிடித்துக் கத்தினார். இரைச்சல்கூட இல்லை.

செருப்பில்லாமல் கோயில் ரோட்டில் ஓடினார். எந்த இடத்தில் விழுந்து கிடக்கிறாளோ, எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாளோ! "கர்த்தரே, கர்த்தரே" என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினார்.

வளைவைத் தாண்டியதும் கறுப்புக் குடை தெரிந்தது. அதன் கீழே கிருபாபாய் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி! உனக்கு ஒண்ணுமில்லையே?"

அவள் திரும்பினாள். "எனக்கென்ன? நல்ல குடையை மழையில காய வச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

அவர் நடுரோட்டிலேயே உட்கார்ந்தார். அழுதார், சிரித்தார். கிருபாபாய் குனிந்து அவர் தலைக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்தாள்.

ஈரத்துருவின் வாடை அடித்தது.

அவள் சிரித்தபடியேதான் நின்றாள். உதடுகள் மூடியிருந்தன. நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லக் கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது. பின்பு அது நின்றது, துணி போட்டு மூடியதுபோல.

"இங்கன இன்னும் நல்லாக் கேக்குது வே" என்றது ஆண்குரல். "ஓவர்."