பூண்டித் தைலக் கொப்பரை

பெருமாள்மலையில் துப்பறியும் நல்லசாமியின் அறைக்கு வந்த வடிவு, நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு காலு வெந்து ஆஸ்பத்திரியில கெடக்காருங்க. பூண்டியில யூகலிப்டஸ் எல காச்சுற தைல ஆலைக் கொப்பரை கிழிஞ்சு ஆவி அடிச்சிருச்சு. அவரு ஆசிட் ஊத்திக் கழுவுனதாலதான் அரிச்சுப்போச்சுன்னு மொதலாளி கேசு போடப் போறாராம்."

நல்லசாமி எழுவதற்குள் உதவியாளர் மகாராணி ஜீப் சாவியை எடுத்துவிட்டாள். வடிவும் உடன் வந்தாள்.

ஆலை முதலாளி சுரேந்திரன் தயாராக இருந்தார். "அழுத்தம் தாங்குற எஃகு மேல துருப்பிடிக்காத தகட்டை வச்சு, வெடிமருந்து வெடிச்சு ஒட்டுனது சார். ரெண்டும் ஒரே உலோகம் மாதிரி. ஆசிட் ஊத்தாம அரிக்காது."

கொப்பரையைக் கட்டிய பட்டறைக்காரர் பொன்னுச்சாமியும் அங்கே நின்றிருந்தார். இப்போதுதான் வந்ததாகச் சொன்ன அவருடைய செருப்பில் கரிச்சேறு ஈரமாக ஒட்டியிருந்தது. அந்தச் சேறு கொப்பரைக்குப் பின்னால் மட்டுமே இருந்தது. மகாராணி அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நல்லசாமி கொப்பரையின் உட்புறத்தைச் சாவியால் தட்டினார். ஓரத்தில் கணீரென்றது, நடுவில் தகர டப்பா போல் ஒலித்தது.

"அது ஒண்ணுமில்ல சார், ரெண்டு தகட்டுக்கும் நடுவுல சந்து இருக்குல்ல, காத்து நிக்குது," என்றார் சுரேந்திரன் அவசரமாக.

நல்லசாமி கிழிசலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டச் சொன்னார். பொன்னுச்சாமி வெட்டினார். துண்டு கீழே விழுந்ததும் இரண்டு தகடுகளும் தனித்தனியாகப் பிரிந்தன.

"வெடிச்சு ஒட்டுனா ரெண்டு உலோகமும் அலை அலையாக் கோத்துக்கும். பிரிக்க முடியாது," என்றார் நல்லசாமி. "இது ஓரத்துல மட்டும் பத்தவச்ச மெல்லிய தகடு. ஆசிட் ஊத்தியிருந்தா இதோட முகம் அரிச்சிருக்கும். பளபளன்னு இருக்கு பாருங்க. பத்தவச்ச இடத்து ஊசித்துளை வழியா இலைச்சாறு எறங்கி, பின்னாடி எஃகைத் தின்னிருக்கு."

"அப்ப பொன்னுச்சாமிதான்!" என்றாள் மகாராணி.

"கை அவரோடது. ஆனா ரெண்டும் ஒரே உலோகம்னு சொன்னவருக்கு, நடுவுல சந்து இருக்கிறது எப்படித் தெரிஞ்சது?"

சுரேந்திரன் பொன்னுச்சாமியை முறைத்தார்.

"மொதலாளிதான் நல்ல தகட்டை வித்துட்டு இதைக் குடுத்தாருங்க," என்றார் பொன்னுச்சாமி. "வெளிய சொன்னா சோலியே கெடைக்காதுன்னாரு. இன்னைக்கு வெள்ளனே வந்து, நான் பத்தவச்சது எப்படிப் போச்சுன்னு பின்னாடி போயிப் பாத்தேன். பயந்துதான் இப்பத்தான் வந்தேன்னு சொன்னேன்."

நல்லசாமி காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

ஜீப் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் வடிவு மகாராணி பக்கம் திரும்பினாள். "நீ ஆசிட் ஊத்துனியான்னு நேத்து நானும் அவரைக் கேட்டுட்டேன்மா. மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு," என்றாள். "வெரசா ஓட்டுங்க. போலீசு போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும்."

மகாராணி வளைவில் கியரை மாற்றி வேகமெடுத்தாள்.