ஒன்றாம் கம்பியின் சூடு

ஒன்றாம் கம்பி 39.4 காட்டியது. மற்ற மூன்றும் வழக்கம்போல 23-இல் நின்றன.

விஜயகலா பொத்தானை மறுபடியும் அழுத்தினாள். அதே எண்தான். கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கு டேட்டா லொகர் என்று பேர். மண் சரிந்த மலையில் நான்கு இடங்களில் குழாய் இறக்கி, மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் கம்பிகளை அவற்றில் விட்டு, ஜன்னல் வழியாக இவள் வீட்டுக் காம்பிராவுக்குள் இழுத்து வந்திருந்தார்கள். வெளியே வைத்தால் களவு போய்விடும் என்றார் இரத்தினபுரி மண்சரிவு அலுவலகத்து முஹ்ஸின் சேர். பெட்டி மணிக்கொரு தரம் தானே அளந்து சேமித்துக்கொள்ளும். கொழுந்து பறிக்கப் போகுமுன் திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்புவதுதான் இவள் வேலை. ஒன்றாம் கம்பி மேலே, பழைய லயத்து வரிசை வீடுகள் புதைந்த இடத்தில் இருந்தது. நான்காவது இந்த வீட்டின் பின்சுவரை ஒட்டி.

படத்தைப் பார்த்துவிட்டு அவர் போன் எடுத்தார். "தண்ணி இறங்கியிருக்கும் தங்கச்சி. அடுத்த கிழமை வந்து மாத்துவம்."

"சரிங்க சேர்."

மலை சரிந்து இறங்கிய நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அவள் சரிங்க என்றுதான் சொல்லிவருகிறாள். அன்று மூத்தவள் பிரஷாந்தினிக்குக் காய்ச்சல். அவளைக் காம்பிராவில் தூங்கவைத்துவிட்டு, சின்னவன் லோஜனை இடுப்பில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு இறங்கினாள். பாணி மருந்தோடு திரும்பியபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. மற்ற உடம்புகள் எல்லாம் கிடைத்தன. பிரஷாந்தினி கிடைக்கவில்லை. உடம்பில்லாமல் கருமாதி வேண்டாம் என்று விட்டாள். அழவுமில்லை. மருந்துப் போத்தல் மூடி திறக்காமல் அலுமாரியில் இருந்தது.

அந்த 39.4 வந்த அன்று பகல் வேலை விட்டு வந்து, பெட்டி சேமித்து வைத்திருந்ததைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சூடு நேற்று அந்திக்கு ஏறியிருந்தது. விடியலில் கொஞ்சம் இறங்கியிருந்தது. இறங்கிய வேளைகளில் மட்டும் ஈரம் கூடியிருந்தது. காய்ச்சல் விட்டு வியர்த்தது போல.

மனசு எதுவும் சொல்லவில்லை. கை அலுமாரியைத் திறந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த லோஜன் தின்றுவிட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். போன மாதம் கோயில் நேர்த்திக்கு எடுத்த மொட்டை இன்னும் முள்முள்ளாக இருந்தது. கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டு மலையேறினாள்.

மூடுபனி தேயிலைக்குள் இறங்கி நின்றது. அட்டைகள் காலில் ஏறுவது தெரிந்தும் அவள் குனியவில்லை. அந்தப் பக்கம் கடந்து போகிறவர்கள் யாரும் அங்கே வாய் திறப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புவது போல, போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் போய்விடுவார்கள். விஜயகலா குழாயின் மூடியைக் கழற்றினாள். உள்ளிருந்து வந்த காற்று சுட்டது. அடைபட்ட வாயின் நாற்றம், தூங்கி எழுந்த காய்ச்சல் பிள்ளையின் நாற்றம். பாணி முழுவதையும் ஊற்றினாள். மருந்தின் தோடம்பழ வாசனை எழுந்தது. கீழே எங்கோ, விழுங்குகிற சத்தம் கேட்டது.

"பாப்பா, வா. வீட்டுக்குப் போவோம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. குழாயைத் தொட்டாள். குளிர்ந்து கிடந்தது.

இறங்கும்போது இரண்டாவது குழாயில் கை பட்டது. சுட்டது.

மூன்றாவதும் சுட்டது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. லோஜன் தனியாக இருக்கிறான். அன்றைக்கு மூத்தவளை விட்டுவிட்டுப் போனது போலவே. ஓடினாள். வழுக்கினாள். எழுந்து ஓடினாள்.

கொண்டி போட்டபடியே இருந்தது.

உள்ளே ஈர மண் வாசனை. தோடம்பழ வாசனை. கட்டிலில் போர்வை மேடாக இருந்தது, சுவரைப் பார்த்தபடி. மூச்சு ஏறி இறங்கியது. பிள்ளை இருக்கிறான் என்ற நிம்மதியில் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

தலையைத் தடவினாள். விரல்களுக்கிடையில் நீளமான முடி. ஈரம். மண்.

"அம்மா, குளிருதும்மா."

ஒரு வருசமாகக் கேட்காத குரல். சின்ன விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன. கட்டிலில் வேறு யாருமில்லை. கட்டிலுக்குக் கீழே லோஜனின் செருப்பு இருந்தது.

தலைக்கு மேலே பெட்டி ஒளிர்ந்தது. நான்கு, மூன்று, இரண்டு, எல்லாம் 23. ஒன்றாம் கம்பி 36.8. மேலே, மண்ணுக்குள், காய்ச்சலில்லாத பிள்ளையின் சூடு.

மண்வெட்டி கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. கத்தினால் லயமே ஓடிவரும். அவளுக்கு அது தெரிந்தது. எழுந்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. விரலை இழுத்தால் இந்தப் பிள்ளை அழும்.

மற்றக் கையால் பொத்தானை அழுத்தினாள்.

36.1.

போர்வையை இழுத்து மகளுக்குப் போர்த்திவிட்டாள். மறுபடி அழுத்தினாள்.

34.7.