குமிழி இல்லாத குப்பி

லாரி போன வேகத்தில் தெருவோரச் சேறு அத்தனையும் அவனுடைய கோட்டின்மேல் வந்து விழுந்தது. மழைக்கு ஒதுங்கிச் சலவைக்கடை வாசலில் ஏறி நின்றவன், குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

கல்லாவில் இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"சிரிங்க, சிரிங்க... சேறு விழுந்தாத்தானே உங்களுக்கு வியாபாரம்."

"அந்த லாரிக்காரர் எங்க ஆளுதான். கழட்டிக் குடுங்க. முக்கால் மணி நேரம்... சும்மாவே செஞ்சு தரேன், போதுமா?"

கோட்டை நீட்டும்போது நிமிர்ந்தான். கறுப்பும் இல்லாத, பழுப்பும் இல்லாத கண்கள். மழை நாளில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். பிற்பாடு முப்பத்தொரு வருடம் அந்தக் கண்களோடு வாழ்ந்து, கடைசியில் தன் கையாலேயே அவற்றை மூடிய பிறகும், அது என்ன நிறம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அப்பாவின் இயந்திரம் உறுமிக்கொண்டு சுற்றியது. தண்ணீர் படாமல், ரசாயனத் திரவத்தாலேயே துணி வெளுக்கும் இயந்திரம். தெருவிலேயே முதலில் வந்தது அதுதான். அதை ஒரு மூத்த பிள்ளையைப் போல அப்பா வளர்த்துவந்தார்.

சூடாக வந்த கோட்டைப் போட்டுக்கொண்டவன், போகவில்லை.

"உங்க கடைக்குப் பின்னாடி ஒரு கிணறு இருக்காமே?" பையிலிருந்து அரசாங்க அட்டை ஒன்று வெளியே வந்தது. நீர் ஆய்வாளர்.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கோட்டையும் வெளுத்து வாங்கிக்கிட்டு, கடையையும் மூட வந்தீங்களா?"

"மூட வரலைங்க. தண்ணி எடுக்கத்தான் வந்தேன்."

"பின்னாடி எட்டு வீட்டுக்காரங்க தினம் எடுக்கிறாங்க. அவங்க யாரும் அட்டை காட்டிக்கிட்டு வர்றதில்லை."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் கூடியது. ஆனாலும் பின்கதவைத் திறந்துவிட்டாள். கிணற்று நீரை இரண்டு சிறு குப்பிகளில் பிடித்தான். மூன்றாவது குப்பியில், கையோடு கொண்டுவந்த சுத்த நீரை அதே இடத்தில் நின்று ஊற்றி மூடினான்.

"அது எதுக்கு?"

"எங்க வேலையைச் சரி பார்க்க. இதுல எதுவும் இருக்கக் கூடாது. இருந்தா, தப்பு என்மேல."

பத்து நாள் கழித்து அவன் வந்தபோது கடையில் அப்பாவும் இருந்தார். கிணற்று நீரில் சலவைத் திரவம் இருந்தது என்றான். அப்பாவின் முகம் சிவந்தது. அவன் அத்தோடு நிறுத்தவில்லை.

"சுத்தத் தண்ணியிலயும் இருந்துச்சுங்க. வெளுத்த கோட்டை உடனே போட்டுக்கிட்டுக் குப்பியைத் திறந்தா, துணியிலிருந்து கிளம்பற ஆவி உள்ளே போயிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தர்ற பாடம். நான் மறந்துட்டேன். அந்தப் பரிசோதனை செல்லாது. இன்னொரு தடவை எடுக்கணும்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் தம்பி, உங்க கோட்டு அழுக்குக்கு என் கிணத்தைக் குத்தம் சொல்ல வந்தீங்களா? போயிட்டு வாங்க. இல்லை, வர வேண்டாம். போங்க!"

அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாமே... யாருக்குத் தெரியப்போகிறது? தன் தப்பைத் தானே சுமந்துகொண்டு வந்து கொட்டிவிட்டுப் போகிற ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அன்று மாலை, அப்பா இயந்திரத்தின் அடியில் தேங்கிய கசட்டை வாளியில் எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பின்பக்கச் சாக்கடைக்குப் போனார். இருபத்தேழு வருட வழக்கம். சாக்கடைக்கும் கிணற்றுக்கும் நடுவே எத்தனை அடி என்று அவள் முதன்முறையாக மனதுக்குள் அளந்தாள். பதினான்கு.

அப்பாவைக் கேட்டால் "வாடையே இல்லையே" என்பார். அவர் மூக்கு செத்துப் பல காலம் ஆகிறது. கேட்காமல் இருந்தால், எட்டு வீட்டு அடுப்பிலும் அந்தத் தண்ணீர்தான் கொதிக்கும். அவனை மறுபடி கூப்பிட்டுச் சோதித்து, திரவம் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த மூத்த பிள்ளையை, இயந்திரத்தை, நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் அவள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் அக்கா வீட்டில் போய்த் தங்கினாள். தலைக்குக் குளித்தாள். கடை ஆவி ஏறிய தன் உடுப்பில் ஒரு நூல்கூட வேண்டாமென்று, வீட்டில் சோப்புப் போட்டுத் துவைத்த அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்டாள். "என்னடி, யாரையாவது பார்க்கப் போறியா?" என்றாள் அக்கா. "தண்ணியைப் பார்க்கப் போறேன்" என்றாள் இவள். அப்பா வெளியூர் போன நேரத்தில் அவனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

கிழிந்த பனியனோடு வந்து நின்றான். தூறல் பிடித்திருந்தது.

"இது என்ன கோலம்?"

"இதை எந்த இயந்திரமும் பார்த்ததில்லைங்க. அதுக்குத்தான்."

குப்பி விளிம்பு வரை நிரம்ப வேண்டும். மூடியபின் தலைகீழாகப் பிடித்தால் உள்ளே குமிழி இருக்கக் கூடாது. சின்னதாக ஒன்று இருந்தாலும் திரவம் ஆவியாகி அதற்குள் புகுந்துகொள்ளுமாம். அவன் பிடித்தான். ஒரு குமிழி. கொட்டினான். மறுபடி பிடித்தான். மறுபடி குமிழி.

"கவனம் எங்கேயோ இருக்கு உங்களுக்கு."

"குளிருதுங்க."

"குடுங்க இப்படி."

அவள் நிரப்பி, மூடி, தலைகீழாக உயர்த்திப் பிடித்தாள். இருவர் முகங்களும் அந்தச் சின்னக் குப்பியருகே வந்தன. மழைத்துளி அவள் இமையில் நின்றது...

"குமிழி இருக்கா?"

அவன் நெற்றியில் வழிந்த தூறலைத் துடைத்துக்கொண்டான்.

"உங்களைத்தான் கேட்கிறேன். இருக்கா, இல்லையா?"

"...தெரியலை" என்றான். சட்டென்று நிமிர்ந்தான். குப்பிகளைப் பையில் போட்டான். விடுவிடுவென்று போய்விட்டான்.

அப்புறம் வரவேயில்லை. நான்காம் நாள் அவனுடைய மேலதிகாரி அம்மாள் உத்தரவுக் கடிதத்தோடு வந்தார். அப்பா மறுக்க முடியாமல் முனகினார். அந்த அம்மாள் தானே நீரெடுத்துக்கொண்டு போனார். பயந்து ஒதுங்கிவிட்டான் என்று இவள் நினைத்துக்கொண்டாள். இரண்டு வாரம் அப்படியே நினைத்தாள். வேலை ஓடியது. சோறும் இறங்கியது. உள்ளே ஏதோ ஒன்று மட்டும் இறங்கவில்லை.

அம்மாள் முடிவோடு வந்து கல்லா முன்னால் உட்கார்ந்தார். "சுத்தத் தண்ணியில எதுவும் இல்லை. கிணத்துல இருக்கு. குடிக்கிற தண்ணியில இருக்கலாம்னு சொல்ற அளவுக்கு மேலயே இருக்கு."

அப்பா இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா..." என்றாள் அவள். "அதை நிறுத்திடலாம்பா. தண்ணியும் மென்மையான சோப்பும் வச்சு வெளுக்கிற இயந்திரம் வந்திருக்கு. கம்பளிகூடச் சுருங்காதாம். நான் கத்துக்கறேன். எட்டு வீட்டுக்கும் குழாய்த் தண்ணி வர்ற வரைக்கும் நம்ம வண்டியிலயே கொண்டுபோய்க் குடுப்போம்."

"கிணத்தை இறைச்சு, அந்தத் தண்ணியில காத்தை ஊதி ஊதித் திரவத்தைப் பிரிக்கலாம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். ஆனா தெளியும்" என்றார் அம்மாள்.

அப்பா எழுந்து போய் இயந்திரத்தின் விசையை அணைத்தார். அதன் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு அம்மாள் பக்கம் திரும்பினார்.

"சொல்ல வேண்டியதை அந்தக் கோட்டுத் தம்பியே வந்து சொல்றதுதானே? தைரியமில்லையா?"

"அவரை நான் அனுப்ப முடியாதுங்க. அவரே எழுதிக் குடுத்துட்டார்." அம்மாள் கோப்பைத் திறந்து, செய்தி வாசிப்பவரைப் போலப் படித்தார்: "'ஏழாம் தேதி நான் எடுத்த நீரை ஏற்க வேண்டாம். வேறொருவர் எடுக்க வேண்டும். கடைக்காரரின் மகள்மேல் எனக்கு அன்பு உண்டாகிவிட்டது. குமிழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் நான் குப்பியைப் பார்க்கவில்லை.'"

அவள் காது மடல் சுட்டது.

"இதுக்கு... பதில் ஏதாவது எழுதணுமா?" என்றாள், மெல்ல.

"சம்பந்தப்பட்டவங்களுக்கு ஆட்சேபணை இருந்தா எழுதலாம். இல்லைன்னாலும் எழுதலாம்."

அவள் பேனாவை எடுத்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அவன் எழுத்துக்குக் கீழே, 'ஆட்சேபணை இல்லை. நானும் குப்பியைப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தோளுக்குப் பின்னால் அப்பாவின் மூச்சு கேட்டது. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"தேதி போடும்மா" என்றார். "தேதி இல்லாட்டி செல்லாதுன்னு சொல்லிடுவாங்க."