வாவா

சனிக்கிழமை நண்பகலில் ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையை விட்டுக் கிளம்பியபோது வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். வலப்பக்கம், ஸ்டீயரிங் பிடித்தபடி நல்லையா. இடப்பக்கம், மடியில் ஈரக் குடையோடு அவன் மனைவி தங்கமணி. பின்சீட்டில் வாவா என்கிற நாய். பின்னால் கொக்கியில் மாட்டி இழுபட்டு வந்த டிரெய்லர் வீட்டில் யாரும் இல்லை. அதைப் பூட்டியவன் நல்லையா. சாவி அவன் பையில் இருந்தது.

ஊரோரம் ஷ்வேப்யிதாவில் ஒரு பட்டறையில் அவன் வெல்டர். கழித்துப்போட்ட லாரிச் சட்டத்தில் தகரம் அடித்து, கட்டில், அடுப்பு, கொசுவலை போட்ட ஒரே ஒரு ஜன்னல் என்று ஏழு மாதத்தில் அவன் கட்டிய வீடு அது. மஞ்சள் நாய் என்பதால் வாவா. பர்மியத்தில் வா என்றால் மஞ்சள். அதைக் கூப்பிடும்போதெல்லாம் யாரையோ உள்ளே அழைப்பதுபோல் இருக்கிறது என்று தங்கமணி முன்பு சிரிப்பாள்.

இப்போது சிரிப்பதில்லை. மூன்று வருடமாக அவள் யாரோடு பேசினாலும் நல்லையா, “யாரு அது?” என்று கேட்டான். போன் கடைக்காரன், குழாய் பார்க்க வந்த ஜாபிர், சொந்தச் சித்தப்பா மகன், ஒருவரையும் விடவில்லை. பெகுவில் இருக்கும் அக்கா ரத்தினம்மாள் திங்கட்கிழமை வந்து அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடு. அங்கே போன் டவர் செத்துப் பல மாதம். வரவேண்டாம் என்றால் பஸ்ஸில் கடிதம்தான் கொடுத்துவிட வேண்டும்.

“இந்தப் பயணத்துல ரெண்டு நாள் பாக்குறேன்” என்றிருந்தாள் தங்கமணி. “ஒரே ஒரு தடவை ‘யாரு அது’ன்னு வந்துச்சு, நான் அக்காகூடப் போயிருவேன். அப்புறம் நாயைச் சந்தேகப்பட்டுக்கிட்டுக் கெடங்க.”

ஆற்றுப்பாலம் தாண்டியதும் கண்ணாடியில் நல்லையா அதைக் கவனித்தான். வாவா முன்னால் பார்த்து உட்காரவில்லை. பின்கண்ணாடியில் மூக்கை அழுத்தி, டிரெய்லரின் ஜன்னலைப் பார்த்து, தெரிந்தவரைக் கண்டதுபோல் வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. நல்லையா நாக்கைக் கடித்துக்கொண்டான்.

த்வாண்டே கால்வாய்க் கரையில், சுட்ட மண்வாசனையும் சேற்று வாசனையும் கலந்து வந்த இடத்தில் நிறுத்தினார்கள். தங்கமணி சாவியை வாங்கிக்கொண்டு சமைக்கப் போனாள். மழை மெல்லப் பிடித்தது. சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தபோது, தகரத்தின் மேல் விழும் தூறலுக்கும் எண்ணெயில் கருவாடு பொரியும் சத்தத்துக்கும் நடுவே, உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“வா, வா.”

நாய் அவன் காலடியில் படுத்திருந்தது. காதைக்கூட உயர்த்தவில்லை.

பிறகு சிரிப்பு. மூன்று வருடமாக அவன் கேட்காத சிரிப்பு. அதன் அடியில் ஓர் ஆண்குரல், தணிவாக, பொறுமையாக. கதவை இழுத்துத் திறந்தான். அவள் மட்டும் இருந்தாள். சோறு ஒட்டிய தட்டு ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தானே சாப்பிட்டீங்க? அதுக்குள்ள மறுபடியும் பசியா?”

யாரு அது என்று கேட்டால் திங்கட்கிழமை போய்விடுவாள். டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கினான். டயரைப் பார்க்கவில்லை. உள்ளே பேசியவனைப் பிடிக்க, இருபதடி தள்ளி நிப்பா என்கிற நீர்ப்பனைப் புதருக்குள் போய்க் குந்தினான். ஓலை நுனி கழுத்தை அறுத்தது. அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியது. உதறவில்லை. சிறிது நேரத்தில் வாவா எழுந்தது. உடம்பைச் சிலிர்த்தது. தானாக ஏறி உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

பொழுது மங்கியது. ஜன்னலில் விளக்கு.

அங்கே ஒரு முதுகு. அவனுடைய நீலச் சட்டை. முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். என் சட்டையைப் போட்டிருக்கிறான். பிறகு பின்னந்தலை தெரிந்தது. அவனுக்கு இருப்பதுபோலவே வழுக்கை. மீனின் முள் நீக்கி நாய்க்கு ஊட்டும் கை. தங்கமணி அந்தத் தோளில் சாய்ந்து, பலகைமேல் தாள் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

முகம் திரும்பியது.

நல்லையாவின் முகம். கொஞ்சம் கனிந்த முகம்.

ஜன்னலுக்கு எப்படி ஓடினான் என்று தெரியாது. தகரத்தைத் தட்டினான். உள்ளே வாவா உறுமியது.

“யாரு?” என்றாள் தங்கமணி.

“நான்தான்.”

“நான்தான்னா?” வலையை நீக்கி எட்டிப் பார்த்தாள். “தமிழாளா? சொல்லுங்கண்ணே.”

அண்ணே. கழுத்தில் தாலி கட்டியவனைப் பார்த்து.

“தங்கம். நான் நல்லையா.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “எங்க வீட்டுக்காரர் பேரும் அதுதாண்ணே.”

உள்ளே இருந்தவன் தலை நிமிரவில்லை. ஜன்னலில் ஓர் ஆண் நின்று மனைவியோடு பேசுகிறான். யாரு அது என்று அவன் கேட்கவில்லை. அடுத்த முள்ளை எடுத்தான்.

“ரோட்டுப் பக்கம் போறீங்களா?” அவள் தாளை மடித்து உறையில் இட்டாள். “ரங்கூன் பஸ்ல குடுத்தா பெகு வண்டிக்கு மாத்திருவாங்க. அக்காவுக்கு. நான் வரலைன்னு எழுதியிருக்கேன். எங்க வீட்டுக்காரர் ரொம்ப மாறிட்டாரு.”

உறையின் விளிம்பை நாக்கால் ஈரப்படுத்தினாள். உள்ளிருந்து ஒரு கட்டைவிரல் வந்து மடிப்பை அழுத்தி ஒட்டியது. வெல்டிங் பொறி சுட்ட தழும்பு, நகத்துக்குக் கீழே. நல்லையா தன் விரலைப் பார்த்தான். அங்கே இருந்த தழும்பு இப்போது இல்லை.

உறை அவன் கையில். வலை மூடியது.

சாலையில் கடைசி பஸ்ஸின் வெளிச்சம் வந்தது. கிழித்துப் போட்டுவிடலாம். கால்வாயில் எறியலாம். கடிதம் போகாவிட்டால் அக்கா வருவாள். வந்தால் தங்கமணி போய்விடுவாள். போகக் கூடாது. எங்கும் போகக் கூடாது.

கையை உயர்த்தினான். பஸ் நின்றது. கண்டக்டர் குனிந்து உறையை வாங்கினான், விலாசத்தை டார்ச்சடித்துப் படித்தான், சட்டைக்குள் செருகினான். நின்றிருந்தவன் முகத்தின்மேல் டார்ச்சைக் கொண்டுவந்தான். வெளிச்சம் எதையோ தேடி இப்படியும் அப்படியும் அலைந்தது, அவனைத் தாண்டி ஓலைகளில் போய் விழுந்தது.

“குடுத்த ஆள் எங்கே?” என்று உள்ளே திரும்பிப் பர்மியத்தில் கேட்டுக்கொண்டான் கண்டக்டர். கடிதத்தோடு பஸ் நகர்ந்தது.