அன்டூவுக்கு எத்தனை அர்த்தம்?

“சார், சாயங்காலம் என்னைக் கைது பண்ண வராங்க. அதுக்குள்ள யாராவது ஒருத்தர் என்னை நம்பணும்,” என்றாள் வாசலில் நின்ற நர்ஸ்.

அவள் தேடி வந்தது துபாஷியை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு ஊரார் வைத்த பெயர் அது. காலமெல்லாம் பொய்யை இரண்டு மொழிகளில் கேட்டவர். எந்த மொழியில் சொன்னாலும் பொய்க்கு ஒரே வாடைதான் என்பது அவர் கட்சி. அவருக்கு வாய்த்த உதவியாளர் மனைவியின் தம்பி. பிழைப்புக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட்; பட்டப்பெயர் அவசரம். ஆக்கவே பொறுக்காதவன், ஆறவா பொறுக்கப்போகிறான்?

“உட்காருங்கம்மா. முதல்லேருந்து சொல்லுங்க,” என்றார் துபாஷி.

அவள் பார்த்துக்கொண்ட நோயாளியைத் தெருவே அறியும். ஆங்கிலச் சொற்களின் பழைய அர்த்தங்களையெல்லாம் நூற்றாண்டு வாரியாகத் திரட்டி ஆயுள் முழுக்க ஒரு அகராதி எழுதியவர். ‘அகராதி’ என்றே அவரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் பாதி அவர் செய்த வேலைக்கு, மீதி அவர் குணத்துக்கு.

“பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோச்சு சார். தமிழ் சுத்தமா மறந்துட்டாரு. இங்கிலீஷ்ல நாலஞ்சு வார்த்தைதான் வரும். தாகம்னா ‘வாட்டர்’ம்பாரு. பெல்ட் இறுக்கினா ‘லூஸ்’ம்பாரு. காத்து வேணும்னா ‘அன்டூ’ம்பாரு. ‘விண்டோ’ன்னு சொல்ல நாக்கு புரளல, பாவம். நான் ஜன்னலைத் திறந்துவிட்டா சிரிப்பாரு.”

“பெல்ட் எதுக்கு?”

“சக்கர நாற்காலியிலேருந்து சரிஞ்சுடக் கூடாதுன்னு இடுப்புல போடறது. பக்கிள் முதுகுப்பக்கம் இருக்கும், அவராக் கழட்ட முடியாது. முந்தாநேத்து மத்தியானம் அவரைக் கண்ணாடி பால்கனியில உட்கார வெச்சு, பெல்ட் போட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சேன். அவரோட பொண்ணு ஒரு மருந்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. பக்கத்துல கிடைக்காதுன்னு பஸ் ஏறிப் போகச் சொன்னாங்க. திரும்பி வந்தா, நாற்காலி கவுந்து கிடக்கு, பெல்ட் அவிழ்ந்து கிடக்கு, பெரியவர் தரையில கிடக்காரு.”

“அவரைத் தொட்டீங்களா?”

“தூக்கிப் பார்த்தேனே. உயிர் இல்ல, ஆனா உடம்பு அனலாக் கொதிச்சுது.”

செய்தி இவ்வளவுதான். சாவதற்கு முன் கிழவர் ‘அன்டூ, அன்டூ’ என்று கத்தியதை எதிர்க்கடை டெய்லர் கேட்டிருக்கிறார். அப்படியென்றால் ‘அவிழ்த்துவிடு’ என்று அர்த்தம், நச்சரிப்பு தாங்காமல் நர்ஸ் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள், அவர் சரிந்து மண்டையில் அடிபட்டு இறந்தார் என்று மகள் போலீசில் சொல்லிவிட்டாள்.

“ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவளை எந்த வீட்டுல சார் நோயாளிகிட்ட விடுவாங்க?” நர்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “என் சம்பளத்துலதான் வீடே சாப்பிடுது.”

அவசரத்துக்கு மனசு கரைந்துபோயிற்று. “அத்தான், எனக்குத் தெரிஞ்சுபோச்சு! அங்க சீடன்னு ஒருத்தன் கூடவே இருந்து அகராதி எழுதறான். கிழவர் போனா புஸ்தகம் அவன் பேர்ல வரும். அவன்தான்!”

“வா மாப்ளே, முதல்ல டெய்லரைப் பார்ப்போம். தூக்குக் கயிறை அப்புறம் திரிக்கலாம்,” என்றார் துபாஷி.

டெய்லர் கத்தரியைக் கீழே வைக்காமலே பேசினார். “தெனமும் கத்துவாரு சார். கணீர்னு கேக்கும். அன்னிக்கு மட்டும் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேட்டுச்சு. நிமிர்ந்து பார்த்தேன். வெயில் பட்டுக் கண்ணாடி பளபளன்னு கண்ணைக் கூசுது, உள்ள ஒண்ணும் தெரியல.”

“நர்ஸம்மா பஸ்ஸுக்குப் போனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடிதான். ‘வரேண்ணே’ன்னு சொல்லிட்டுப் போச்சு, அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சாரு. ரொம்ப நேரம் கத்தினாரு, பாவம். எல்லாரும் என்ன கேட்டுச்சுன்னுதான் கேட்டாங்க. எப்பன்னு நீங்கதான் கேக்கறீங்க.”

அகராதியின் வீட்டில் மாடி அறை முழுக்கப் புத்தகங்கள். அங்கே இருந்துதான் பால்கனிக்குக் கதவு. துபாஷி பால்கனியில் போய் நின்று ஜன்னல்களை இழுத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். அது அறைப் பக்கம் இருந்தது. அவசரமும் அதே தாழ்ப்பாளைப் பார்த்தான். அவனுக்கு அது வெறும் தாழ்ப்பாளாகத்தான் தெரிந்தது.

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நரையோடிய தலை, கையில் காய்ந்த மைக்கறை. சீடர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தக அலமாரி ஓரம் நின்றார். நர்ஸ் உள்ளே வரவே பயந்து வாசற்படியில் நின்றாள்.

“இவன்தான் சார்!” என்று அவசரம் சீடரைக் காட்டினான்.

“அன்னிக்குக் காலையிலேருந்து நான் அச்சகத்துல புரூஃப் பார்த்துட்டிருந்தேங்க. ஆள் அனுப்பித்தான் தகவலே தெரியும்,” என்றார் சீடர். இன்ஸ்பெக்டரும் விசாரித்தாயிற்று என்று தலையாட்டினார். அவசரம் விரலை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இன்ஸ்பெக்டர் சார், உடம்புல வேற ஏதாவது தடம் இருந்துதா?” என்றார் துபாஷி.

“இடுப்பைச் சுத்திக் கன்னிப்போயிருந்தது. தெனமும் பெல்ட் போடறவர்தானே?”

“நான் துண்டு மடிச்சு வெச்சுத்தான் சார் கட்டுவேன். ஒருநாளும் தடம் விழுந்ததில்ல,” என்றாள் நர்ஸ்.

“அப்ப அன்னிக்கு அவர் உயிரைக் கொடுத்து முன்னால இழுத்திருக்காரு. அவிழ்ந்த பெல்ட்டை யாரும் இழுக்க முடியாது. இன்னொண்ணு, நர்ஸம்மா போனதுக்கப்புறம்தான் அவர் கத்தவே ஆரம்பிச்சாருன்னு டெய்லர் சொல்றாரு. அவிழ்த்தாச்சுன்னா, அவிழ்த்துவிடுன்னு ஏன் கத்தணும்? கடைசி வரைக்கும் பெல்ட் கட்டித்தான் இருந்தது. செத்தப்புறம்தான் யாரோ அவிழ்த்திருக்காங்க.”

“எதுக்கு?”

“தெருவே கேட்ட வார்த்தைக்கு ஒரு சாக்கு வேணுமே!” துபாஷி மகள் பக்கம் திரும்பினார். “அம்மா, அன்டூன்னா என்ன அர்த்தம்?”

“அவிழ்க்கிறது. வேற என்ன? அப்பாவோட இங்கிலீஷெல்லாம் எனக்கு அவ்வளவாத் தெரியாது.”

“நீங்க சொல்லுங்க தம்பி.”

சீடருக்குக் கேட்டால் போதும், சாவு வீட்டிலும் பாடம் வரும். “அவிழ்க்கிறது ஒண்ணு. ஒருத்தர் குடியைக் கெடுக்கிறது இன்னொண்ணு. பழைய காலத்துல புதிரை விளக்குறதுக்கும் அதே சொல்லுதான். ஆனா ரொம்பப் பழைய அர்த்தம், கதவைத் திறக்கிறது. ஐயா இந்த வீட்டுல அதைத்தான் புழங்குவாரு. கதவைத் திறன்னு சொன்னதே கிடையாது, அன்டூன்னுதான் சொல்வாரு. தெரியாதுன்னா சொன்னீங்க அக்கா? ஏழு வயசுலயே நீங்க மொத்தமும் ஒப்பிப்பீங்கன்னு ஐயா பெருமையாச் சொல்வாரே!”

தான் உளறிய உண்மையின் கனம் சீடருக்கே மெதுவாகத்தான் உறைத்தது.

“நர்ஸம்மா அதை விண்டோன்னு நினைச்சாங்க,” என்றார் துபாஷி. “நினைச்சது தப்பு, செஞ்சது சரி. அவர் கேட்டது, திறக்கணும்கிறதைத்தான். பெல்ட்டுக்கு அவர்கிட்ட வேற வார்த்தை இருந்துது, லூஸ். அன்னிக்கு அதை அவர் சொல்லவே இல்ல. ஜன்னலைச் சாத்தினதாலதான் சத்தம் கிணத்துக்குள்ளேருந்து வந்த மாதிரி இருந்துது. கதவையும் தாழ் போட்டாச்சு. உச்சி வெயில்ல அது பால்கனி இல்ல, அடுப்பு. செத்த உடம்பு அனலாக் கொதிச்சதுக்குக் காரணம் அதுதான். அப்புறம் எல்லாத்தையும் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து, நாற்காலியைக் கவுத்துட்டாங்க. அன்னிக்கு வீட்டுல இருந்தது நீங்க மட்டும்தாம்மா. அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்னு தெரிஞ்சும், போலீசுக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் சொன்னீங்க.”

மகள் கையிலிருந்த மைக்கறையை நகத்தால் சுரண்டினாள்.

“சின்ன வயசுல என்னை மேல இருக்கிற பரண் அறையில போட்டுப் பூட்டுவாரு,” என்றாள். “ஒரு சொல்லுக்குத் தப்பா அர்த்தம் சொன்னா உள்ள. அம்மா கதவுகிட்ட நின்னு அழுவாங்க, திறக்க மாட்டாங்க. அப்பா வெளியில நாற்காலி போட்டு உட்கார்ந்து கேப்பாரு, எந்த அர்த்தம்னு. அன்னிக்குப் பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு என்னைத் தெரிஞ்சுது. அன்டூன்னாரு. எந்த அர்த்தத்துலப்பான்னு கேட்டேன்.”

இந்த வழக்கில் கிழவருக்காக இரங்குவதா, இவளுக்காக இரங்குவதா என்று அவசரத்துக்குத் தெரியவில்லை. கொலையைக் கண்டுபிடித்தால் சந்தோஷம் வரும் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தான்!

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். “நீ வீட்டுக்குப் போம்மா. உன் மேல ஒண்ணும் இல்ல,” என்றார் நர்ஸிடம்.

நர்ஸ் போகவில்லை. விட்டால் போதும் என்று ஓடியிருக்க வேண்டியவள், இரண்டடி உள்ளே வந்தாள்.

“அவரால சொல்ல முடியலையாம்மா?” என்றாள். “அதான் நீங்க திறக்கலையா?”

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“சொன்னாரு. நாக்கு குழறுச்சு, வாயில நுரை வந்துச்சு, ஆனா விடாம முயற்சி பண்ணி, ‘ஓப்பன்’னு தெளிவாச் சொன்னாரு. சரியான விடை.”

“அப்புறம்?”

“எந்த நூற்றாண்டுன்னு கேட்டேன்.”